குழாயில் ‘எர்த்’ அடிக்கிறதா?

2025ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் காலை வரை பெங்களூரில் கொட்டிய மழை நூறு மில்லிமீட்டரைத் தாண்டியது. அடுகோடிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பி.டி.எம். லேஅவுட்டில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் நீர் புகுந்தது. 19ஆம் தேதி மாலை அந்நீரை மோட்டார் வைத்து இறைக்க முற்பட்டபோது மின்சாரம் தாக்கியது. அங்கு வசித்த, அறுபது வயதைக் கடந்த ஒருவரும், உடனிருந்த 12 வயதுச் சிறுவனும் உயிரிழந்தனர்.

சாலையில் உயர் அழுத்தக் கம்பி அறுந்து விழுந்ததால் நேர்ந்த விபத்து அன்று இது. வீட்டுக்குள் வந்த நீரை வெளியேற்றும் வேலை மழைக்காலத்தில் எவரும் செய்வதுதான். ஒரு பிளக், ஒரு மோட்டார், கணுக்கால் அளவு நீர் ஆகிய மூன்றும் அடுகோடியின் பெரும்பாலான வீடுகளில் ஒன்றுசேரக் கூடியவை. இங்குள்ள குறுகிய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. வாசற்படிக்கு அருகே நிலத்தடித் தொட்டி, அதாவது சம்ப். மொட்டை மாடியில் மேல்தொட்டி. இரண்டையும் இணைக்கும் மோட்டாரின் சுவிட்சு மாடிப்படிக்கு அடியில். துணி துவைக்கும் இயந்திரமோ கூரை பாதியும் வானம் பாதியுமான ஒரு மூலையில். கீழ்த்தளத்தில் உரிமையாளர், மேல்தளங்களில் வாடகைக்கு இருப்போர் என்பது பரவலான ஏற்பாடு. வயரிங் யார் காலத்தில் செய்யப்பட்டது என்று கேட்டால் இருவருக்குமே தெரியாத வீடுகள் உண்டு.

நீரும் மின்சாரமும் பெங்களூருக்கு ஒரே ஆற்றிலிருந்து வந்தவை என்பது சுவையான செய்தி. காவிரியின் சிவனசமுத்திர அருவியில் 1902இல் தொடங்கிய மின்நிலையம் முதலில் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் அனுப்பியது. 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. பிற்காலத்தில் குடிநீரும் அதே சிவனசமுத்திரத்தின் அருகிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம் இறைக்கப்பட்டு வரலாயிற்று. தனித்தனியே வந்த இரண்டும் நமது குளியலறையில் மீண்டும் சந்திக்கின்றன. அச்சந்திப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

சொல்லில் ஒளிந்திருக்கும் பிழை

குழாயைத் தொட்டதும் விரல் நுனியில் சுருக்கென்று ஓர் உணர்வு. “கொஞ்சமா எர்த் அடிக்குது” என்று சொல்லிவிட்டுக் குளிக்கச் செல்கிறோம். தமிழ் பேசும் வீடுகளில் இது பழகிப்போன வாக்கியம். உண்மையில் அங்கே அடிப்பது எர்த் அன்று. எர்த் இல்லாமையே அங்கு நம்மை அடிக்கிறது. கசிந்த மின்சாரம் நிலத்துக்குள் இறங்குவதற்கென ஒரு கம்பி இருந்து, அது முறையாக வேலை செய்திருந்தால் உங்கள் விரலை அது நாடியிராது. வழி இல்லாததால் உங்கள் உடலையே வழியாகக் கொள்கிறது.

இன்று சுருக்கென்றது நாளை ஏன் உயிரைப் பறிக்கலாம் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். காய்ந்த தோல் மின்னோட்டத்துக்குப் பல்லாயிரம் ஓம் அளவு தடை தரும். காலில் செருப்பும் இருந்தால் உடலில் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு; அதுவே அந்தச் சுருக்கு. நனைந்த உடலில் வெறுங்காலுடன் ஈரத் தரையில் நிற்கும்போது அந்தத் தடை சுமார் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடக் கூடும். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். குழாய் அதே குழாய்தான், கசிவும் அதே கசிவுதான். மாறியது உடலின் ஈரம் மட்டுமே.

இந்த 230 மில்லி ஆம்பியர் எவ்வளவு பெரியது? அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல், தன்னார்வலர்களைக் கொண்டு இதை அளந்தவர். கையில் பிடித்த மின்கம்பியைத் தம் விருப்பப்படி விட்டுவிடக்கூடிய எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று அவர் கண்டார். அதைத் தாண்டினால் கைத்தசைகள் இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. “கரண்ட் பிடித்து இழுத்தது” என்று கிராமங்களில் சொல்வது இதைத்தான். மின்சாரம் யாரையும் இழுப்பதில்லை. நம் தசையே நம்மைக் கட்டிப்போடுகிறது. மின்னோட்டம் இன்னும் கூடி, மார்பின் வழியே சில நொடிகள் நீடித்தால் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். இதயம் தாளம் தவறித் துடிதுடித்து ஓயும்.

எம்.சி.பி. இருக்கிறதே என்பவர்களுக்கு

“எங்கள் வீட்டில் எம்.சி.பி. போட்டிருக்கிறோம், ஏதாவது ஆனால் அதுவே விழுந்துவிடும்” என்ற நம்பிக்கை பரவலானது, ஆபத்தானதும்கூட. எம்.சி.பி. காப்பது வயரை, மனிதனை அன்று. கீசருக்குப் பொருத்தப்படும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யை எடுத்துக்கொள்வோம். மேலே கண்ட 0.23 ஆம்பியர் அதன் அளவில் எழுபதில் ஒரு பங்குதான். ஒருவர் உயிருக்குப் போராடும்போதும் அந்த எம்.சி.பி. ஒரு சிறு மின்விசிறி சுழல்வதாகவே எண்ணி அமைதியாக இருக்கும். பழைய வீடுகளின் பீங்கான் ஃபியூசும் அப்படியே.

மனிதனைக் காக்கும் கருவி வேறு. ஆர்.சி.சி.பி. என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும். பழைய எலக்ட்ரீஷியன்கள் ஈ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள். அது செய்வது கடைக்காரர் கணக்குப் பார்ப்பது போன்ற வேலை. ஃபேஸ் கம்பி வழியாக எவ்வளவு மின்சாரம் வீட்டுக்குள் போனதோ, அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். போனது ஐந்து ஆம்பியர், வந்தது அதைவிடச் சற்றே குறைவு என்றால், குறைந்த பகுதி எங்கோ கசிந்து நிலத்துக்குச் செல்கிறது என்று பொருள். அது ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனித உடல் வழியாகவோ இருக்கலாம். எது என்று அக்கருவி ஆராய்வதில்லை. உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கான கருவி 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டில், 0.3 நொடிக்குள் துண்டிக்க வேண்டும். கசிவு அதைப்போல ஐந்து மடங்கானால் 0.04 நொடிக்குள். அதிர்ச்சியை நீங்கள் உணர்வீர்கள். ஆனால் இதயம் தாளம் தவறும் முன் மின்சாரம் நின்றிருக்கும்.

நுண்ணிய அளவில் செயல்படும் இத்தகைய கருவிகள் 1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் ஈர இருட்டில் உருப்பெற்றன. டால்சீல் 1961இல் அமெரிக்காவில் தம் கருவியை வடிவமைத்தார். அந்நாட்டின் மின் விதித்தொகுப்பு முதன்முதலில் இதைக் கட்டாயமாக்கியது எங்கே தெரியுமா? 1968இல், நீச்சல் குளத்தின் அடியில் எரியும் விளக்குகளுக்கு. குளியலறை அதற்குப் பின்னரே பட்டியலில் சேர்ந்தது. நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள், மிகச் சிறிய இணைப்புகள் நீங்கலாக, வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டாத மின்கசிவுக் காப்பைக் கோருகின்றன. விதிக்கு முன்பு கட்டிய வீடுகளில் அது இருக்கிறதா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பது எளிது. மீட்டருக்கு அருகிலோ உள்ளே இருக்கும் டி.பி. பெட்டியிலோ, மற்றவற்றைவிடச் சற்று அகலமான சுவிட்சு ஒன்றில் ‘டெஸ்ட்’ என்றோ ஆங்கில ‘டி’ எழுத்தோ பொறித்த சிறு பொத்தான் இருக்கும். அருகில் 30 மில்லி ஆம்பியர் என்ற குறிப்பைத் தேடுங்கள். 100, 300 என்று குறித்த கருவிகளும் உண்டு. அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், உயிர்க் காப்புக்குப் போதா. மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சட்டென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் சுவரில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் பெட்டி.

இங்கே ஒரு கசப்பான உண்மை. ஆர்.சி.சி.பி. பொருத்திய சில நாள்களில் அது அடிக்கடி விழத் தொடங்கும். எலக்ட்ரீஷியன் வந்து, “இந்த ஏரியாவுக்கு இது சரிவராது சார்” என்று அதைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டாருக்கும் நிம்மதி. காய்ச்சலைக் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரைத் தூக்கி எறிவதற்கு ஒப்பானது இது. அது விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழுதான கீசர், நீர் இறங்கிய சுவிட்சுப் பெட்டி, அல்லது இரு தளங்களின் நியூட்ரல் கம்பிகள் ஒன்றோடொன்று கலந்திருப்பது. ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிச் சோதிக்கப் பொறுமையுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் போதும்.

எர்த் விஷயத்திலும் ஒரு குறுக்குவழி வழக்கத்தில் இருக்கிறது. சுவரில் எர்த் கம்பி இல்லாதபோது, மூன்று துளை சாக்கெட்டின் எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்துவிடுவார்கள். எல்லாம் சரியாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. என்றேனும் அந்த நியூட்ரல் கம்பி அறுந்தால், கீசரின் உலோகக் குழாய் முதல் குளிர்சாதனப் பெட்டியின் கதவு வரை எல்லாமே 230 வோல்ட்டுக்கு உயரும். இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். எர்த் குழி எங்கே என்று உரிமையாளரைக் கேளுங்கள். உப்பும் கரியும் இட்டு ஒரு காலத்தில் தோண்டிய அக்குழி இன்று டைல்ஸ் தரைக்கு அடியில் புதைந்திருக்கலாம். கோடையில் வறண்ட குழி பெயரளவுக்கே குழி.

கீசர், ராடு, சம்ப்

கீசருக்குள் சுடுகம்பி எப்படி அமைந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் ஆபத்தும் விளங்கும். மெல்லிய உலோகக் குழலுக்குள் சுடுகம்பி; இரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி நடுவே மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி. குழலைச் சுற்றி நீர். அடுகோடியில் காவிரி நீர் வராத நாள்களில் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் தொட்டியை நிரப்புகின்றன. பெங்களூரின் ஆழ்துளை நீர் பெரும்பாலும் கடினமானது. அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் குழலின் மேல் வெள்ளையாகப் படிகின்றன. படிவு தடித்தால் குழலின் வெப்பம் நீருக்குள் இறங்காமல் உள்ளேயே தேங்கி, ஒருநாள் குழல் வெடிப்பு விடும். வெடிப்பின் வழியே ஈரம் புகுந்து, மின்சாரம் தொட்டி நீருக்குள் கசியும். கீசரின் வெளிப்புறத்தில் எந்த மாற்றமும் தெரியாது. நீரும் வழக்கம்போல் சுடும்.

ஆகவே கடின நீர் பயன்படுத்தும் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை கீசரைத் திறந்து படிவை நீக்குவது, துருப்பிடிப்பைத் தடுக்கும் மக்னீசியத் தண்டை மாற்றுவது ஆகியவை உயிர்க் காப்பின் பகுதிகள். மின்செலவு குறைவது இடையில் கிடைக்கும் ஆதாயம். நீர் சுட்டதும் கீசரை அணைத்துவிட்டு, அதன் பின்னரே குளிக்கச் செல்வது என்ற பழைய வழக்கத்தை விடாதீர்கள். சுவிட்சு குளியலறைக்கு வெளியே இருப்பதே நல்லது. இரண்டு கிலோவாட் கீசர் ஏறத்தாழ ஒன்பது ஆம்பியர் இழுக்கும். அதை ஆறு ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றி பிளக் கொண்டு செருகுவது பிளக்கை உருக்கும் வழி.

வாடகை அறைகளில் தங்கும் இளைஞர்களிடம் கீசரைவிட ஹீட்டர் ராடுதான் புழக்கத்தில் உள்ளது. வாளி நீரில் நேரடியாக மூழ்கும் கருவி என்பதால் இதில் பிழைக்கு இடமே இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ராடை இலவசமாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. இரும்பு வாளியில் வைக்கக் கூடாது. முதலில் ராடை நீரில் அதன் குறியீட்டளவு வரை அமிழ்த்தி, பிறகே சுவிட்சைப் போட வேண்டும். நீர் சுட்டதா என்று பார்க்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவி எடுத்துவிடுங்கள். சுவிட்சு தவறாக நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் ராடில் மின்சாரம் நிற்கும். விபத்துகளின் பெரும்பகுதி, “சுட்டாச்சா பார்” என்று விரலை நீரில் விடும் அந்த ஒரு நொடியில்தான் நேரக்கூடும்.

சம்ப் மோட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது கேபிளின் ஒட்டு. தொட்டிக்குள் மூழ்கும் மோட்டாரின் கேபிள் நீளம் போதாமல், இடையில் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். அந்த டேப் நீருக்கு ஓராண்டுகூடத் தாங்காது. சம்ப்பைக் கழுவ ஆள் இறங்கும் நாளில் மோட்டாரின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கை உருவி, இறங்குபவரின் கண்முன்னே தொங்கவிடுங்கள். வேறொருவர் தெரியாமல் சுவிட்சைத் தட்டிவிடும் வாய்ப்பு இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும் வீட்டில் எப்போதும் உண்டு.

ஈரத் துணியையும் இங்கே சொல்லியாக வேண்டும். மொட்டை மாடியில் இடம் போதாமல், இரும்புக் கம்பியைக் கொடியாகக் கட்டி அதன் ஒரு முனையை மீட்டர் வயர் செல்லும் குழாயிலோ கம்பத்திலோ முடிவது கண்ணில் படும் காட்சி. கொடிக்கு நைலான் கயிறு போதும்.

நீர் உள்ளே வந்த இரவில்

பி.டி.எம். லேஅவுட்டில் நேர்ந்ததை மீண்டும் நினைத்துப் பாருங்கள். நீர் வீட்டுக்குள் வருவது தெரிந்ததும் நம் கைகள் முதலில் நாடுவது பொருள்களை, அடுத்து மோட்டாரை. நாட வேண்டியதோ மெயின் சுவிட்சை. நீர் சாக்கெட்டின் உயரத்தை எட்டுவதற்கு முன், காய்ந்த இடத்தில் நின்று, ரப்பர் செருப்பு அணிந்து மெயினை அணையுங்கள். அதை அடைய நீரில் நடக்க வேண்டியிருந்தால் நடக்காதீர்கள். பெஸ்காம் நிறுவனத்தின் 1912 என்ற எண்ணை அழைத்து, இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

மெயினை அணைத்ததும் வீடு பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ணுவதில் ஒரு பொறி இருக்கிறது. அது இன்வெர்ட்டர். வெளி மின்சாரம் நின்ற மறுகணமே இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை வயர்களில் செலுத்தத் தொடங்கும். பெரும்பாலும் அது மாடிப்படிக்கு அடியில், தரையிலேயே வைக்கப்பட்டிருக்கும்; நீர் முதலில் சேரும் இடமும் அதுவே. இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும். தரைத்தள வீடுகளில் அதை இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடையில் ஏற்றி வைப்பது நல்லது. அடுக்குமாடிகளில் ஜெனரேட்டரும் இதே வகையானது. தேங்கிய நீரை மின்மோட்டாரால் இறைத்தே ஆக வேண்டுமானால், நீர் எட்டாத தளத்திலுள்ள, ஆர்.சி.சி.பி. காப்புள்ள சாக்கெட்டிலிருந்து ஒட்டில்லாத கேபிளில் இணைத்து, நீரில் எவரும் நிற்காத நிலையில் இயக்க வேண்டும். இயலாதென்றால் டீசல் பம்புக்குக் காத்திருக்கலாம். கார்கள் நனைந்தால் பழுது நீக்கிக்கொள்ளலாம்.

நீர் வடிந்த மறுநாளும் அவசரம் கூடாது. நனைந்த சாக்கெட்டுகளும் குளிர்சாதனப் பெட்டியும் வெளியே காய்ந்ததுபோல் தோன்றும். உள்ளே சேறு இருக்கும். எலக்ட்ரீஷியன் சோதித்த பின்னரே மெயினைப் போடலாம்.

யாரேனும் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் ஓடிச்சென்று தொடுவது மனித இயல்பு. ஒருவரைக் காக்கப் போய் இருவர் இறப்பது அதனால்தான். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளி விடுவியுங்கள். நீரில் நின்றுகொண்டு இதையும் செய்யக் கூடாது. மூச்சும் அசைவும் இல்லையென்றால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்தத் தொடங்குங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். எழுந்து பேசுகிறாரே என்று விட்டுவிடாமல், தப்பியவரையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செலவைப் பற்றி ஒரு சொல். ஆர்.சி.சி.பி.யும் பொருத்துகூலியும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய் ஆகும். வாடகை வீட்டில் இதை யார் செய்வது என்ற கேள்வி எழும். கட்டடத்தோடு நிற்கும் கருவி என்பதால் உரிமையாளர் செய்வதே முறை. அட்வான்ஸ் தொகை கொடுத்து ஒப்பந்தம் எழுதும் நாளில், பெயின்ட் அடிப்பதைக் கேட்பதுபோல் இதையும் கேட்டுவிடலாம். ஏற்கெனவே குடியிருப்போர் வாடகையில் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பேசிப் பார்க்கலாம்.

மின்விபத்தினால் நேரும் மரணம், ஊனம் ஆகியவை பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவின் காப்புக்குள் வருபவை. வங்கிச் சேமிப்புக் கணக்கு வைத்துள்ள, 18 முதல் 70 வயது வரையிலானோர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரலாம். குழந்தைகளுக்கு இத்திட்டம் இல்லை. மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் இரண்டு லட்சம் ரூபாய், பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்கப்படும். காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. தொகை கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படுவதால், மே மாத இறுதியில் கணக்கில் இருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாரிசுதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்பதையும் கிளையில் கேட்டறியலாம். உரிமை கோரும்போது காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்கப்படும். வீட்டுக்குள் நிகழ்ந்த விபத்துதானே என்று காவல் நிலையத்தில் பதிவு செய்யாமல் விடும் குடும்பங்கள் பின்னர் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.